காட்டில் 20 நிமிஷங்கள்

தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து வீட்டிலேயே ஆடும் கருவிகளுள் புகழ்பெற்றது அட்டாரி 2600. அது அமெரிக்காவில் 1977-இல் வெளிவந்தது. அதற்கென 1982-இல் டேவிட் கிரேன் அமைத்த 'பிட்ஃபால்' என்னும் ஆட்டத்தைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

ஹாரி என்பவன் காட்டில் ஓடுகிறான். 20 நிமிஷங்களுக்குள் 32 புதையல்களை அவன் எடுத்தாக வேண்டும், உயிர்களோ மூன்றே. முதன்முறை நான் வலப்புறமாகவே ஓடினேன். தேளுக்கு அஞ்சிச் சுரங்கத்தில் இறங்கவேயில்லை. பாதிப் புதையல்கூடக் கிட்டவில்லை.

பிறகுதான் கவனித்தேன். மரக்கட்டைகள் வலமிருந்து இடமாக உருளுகின்றன. இடப்புறம் ஓடுகிறவனுக்கு அவை எதிரே வருவதில்லை. சுரங்கத்தில் ஒரு திரையைக் கடந்தால், மேலே மூன்று திரைகளைக் கடந்ததாகும். ஆனால் செங்கற்சுவர் வழிமறிக்கும் இடங்களும் உண்டு. எங்கே இறங்குவது, எங்கே ஏறுவது என்பதிலேதான் ஆட்டமே இருக்கிறது.

இதைக் கற்றுக்கொள்ள முடியுமா? முடியும். காட்டின் 255 திரைகளும் என்றும் ஒரே வரிசையில்தான் வரும். ஆட்டம் முழுவதும் அடங்கிய பேழையின் கொள்ளளவோ 4 கிலோபைட். அத்தனை திரைகளையும் அதனுள் எவ்வாறு அடைத்தார்? அடைக்கவேயில்லை! உள்ளே இருப்பது ஓர் எண்ணும் ஒரு விதியுமே. திரை மாறுந்தோறும் விதிப்படி எண் மாறும். குழியா, முதலையா, புதையலா என்பதை அந்த எண்ணே தீர்மானிக்கும். இடப்புறம் திரும்பினால் விதியும் தலைகீழாக இயங்கும்.

நானும் கட்டமிட்ட நோட்டில் வரைபடம் எழுதி ஆடினேன். 31 புதையல்கள் சேர்ந்தன. கடைசியது கண்ணெதிரே மின்னியபோது நேரம் முடிந்துவிட்டது.