துன்பம்தான் ஆசானா?



துன்பப்பட்டவனே உயர்வான் என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். புடமிட்ட பொன்னே ஒளிரும் என்றும் சொல்வதுண்டு. இக்கருத்து முற்றும் உண்மைதானா? இதனை ஆராய்வதற்காக இன்று உங்களை எட்டு இலட்சம் ஆண்டுகளுக்கு அப்பால் அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

அஞ்ச வேண்டா, வண்டி என்னுடையதன்று. ஆங்கில ஆசிரியர் எச். ஜி. வெல்ஸ் 1895-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கால இயந்திரம்' என்னும் நாவலில் வருவது அது. அதில் ஏறிய அறிஞன் ஒருவன் 802701-ஆம் ஆண்டில் போய் இறங்குகிறான். அங்கே 'ஈலாய்' என்னும் மக்களைக் காண்கிறான். அவர்களுக்குப் பசியில்லை, உழைப்புமில்லை. கனி உண்டு, மலர் சூடி, ஆடிப் பாடித் திரிகின்றனர். ஆனால் அவர்கள் உடலும் அறிவும் குழந்தைகளுடையன போலவே உள்ளன. தம்மில் ஒருத்தி ஆற்றில் அடித்துச் செல்லப்படும்போதும் கைகொடுக்க ஒருவரும் முன்வரவில்லை. இடையூறு ஒழிந்த இடத்தில் ஆற்றலும் மங்கிவிட்டது என்று அவன் கருதுகிறான்.

இத்துடன் நூலை மூடிவிட்டால், துன்பமே ஆசான் என்னும் கட்சி வென்றுவிடும். ஆனால் கதை மேலும் செல்கிறது. நிலத்தடியில் 'மோர்லாக்' என்னும் மற்றோர் இனம் இருளில் இயந்திரங்களோடு உழல்கிறது. தலைமுறை தலைமுறையாக நிலத்தடியில் உழைக்கத் தள்ளப்பட்ட தொழிலாளரின் வழித்தோன்றல்கள் இவர்கள் என்று அவன் ஊகிக்கிறான். துன்பம் மனிதனை வளர்க்குமாயின், இவர்களன்றோ மேன்மக்கள் ஆகியிருத்தல் வேண்டும்? இவர்களோ ஈலாய் மக்களையே உணவாகக் கொள்ளும் நிலைக்குத் தாழ்ந்துவிட்டனர்.

வெல்ஸின் வாழ்வும் இதையே காட்டுகிறது. இளமையில் துணிக்கடையில் பணி பழகச் சேர்க்கப்பட்ட அவர், அவ்வேலையை வெறுத்தார். அவரை உயர்த்தியது அக்கடையன்று; அதைவிட்டு வெளியேறிப் பெற்ற கல்வியும், 1884-இல் இலண்டனில் ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயில வழிசெய்த உதவித்தொகையுமே.

என் வீட்டிலும் இதற்குச் சான்று உண்டு. நானும் என் தமையனாரும் ஒரே மண்ணெண்ணெய் விளக்கில் படித்தோம். ஒரே பசியோடு பள்ளிக்கு நடந்தோம். இருவருக்கும் பள்ளிச் சம்பளம் கட்ட இயலாத ஓர் ஆண்டில், அவர் படிப்பை விடுத்து நெல் ஆலைக்கு மூட்டை சுமக்கப் போனார். கணக்கில் என்னைவிட வல்லவர் அவர். பிற்காலத்தில், "வறுமையே என்னை வளர்த்தது" என்று மேடைகளில் நான் முழங்கியதுண்டு. ஒருநாள் கடைசி வரிசையில் அமர்ந்து அதைக் கேட்டவர், வீடு திரும்பும் வழியில், "தம்பி, அந்த வறுமை எனக்கும் இருந்ததே" என்றார். அதன்பின் அவ்வாக்கியத்தை நான் சொன்னதில்லை.

முயற்சி வேறு, துன்பம் வேறு. நடை பழகும் குழந்தை விழுந்துதான் எழ வேண்டும். அதற்காக அது பட்டினி கிடக்க வேண்டியதில்லை. கால இயந்திரம் எனக்குக் கிடைக்குமாயின், அந்த ஆண்டிற்கே திரும்பிச் செல்வேன். அண்ணன் முன் இருந்த கடினமான கணக்கை எளிதாக்க மாட்டேன். அவருடைய சம்பளத்தை மட்டும் கட்டிவிட்டு வருவேன்.

அவ்வண்டி யாரிடமும் இல்லை. ஆயினும், இன்று படிப்பை நிறுத்தும் நிலையில் இருக்கும் பிள்ளைக்குச் சம்பளம் கட்ட அது வேண்டியதில்லை அன்றோ?