பாலத்துக்கு இந்தப் பக்கம் உரிமை, அந்தப் பக்கம் குற்றம்

அமெரிக்காவின் பிலடெல்பியா நகருக்கும் எதிர்க்கரையில் உள்ள நியூ ஜெர்சி மாநிலத்துக்கும் நடுவே டெலவேர் ஆறு ஓடுகிறது. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பாலத்தின் வழியே காரில் போனால் சில நிமிடங்களில் அக்கரை. பிலடெல்பியாவிலிருந்து போகும் திசையில் சுங்கம்கூடக் கிடையாது. திரும்பி வரும்போதுதான் கட்டணம். யாரும் நிறுத்துவதில்லை, எதுவும் கேட்பதில்லை. ஆனால் காரில் கைத்துப்பாக்கி இருந்தால், பாதிப் பாலத்தைத் தாண்டியதுமே அந்த வண்டிக்கு வேறு சட்டம்.

2013 அக்டோபரில் பிலடெல்பியாவைச் சேர்ந்த இளம் தாய் ஒருவர் நியூ ஜெர்சிக்குள் ஓட்டிச் சென்றார். வழிப்பறிக்கு ஆளான அனுபவம் அவருக்கு இருந்தது. அதனால் துப்பாக்கி வாங்கி, தன் மாநிலமான பென்சில்வேனியாவில் அதை மறைத்து வைத்துக்கொள்ளும் உரிமமும் முறைப்படி பெற்றிருந்தார். சாதாரணப் போக்குவரத்துத் தவறுக்காகப் போலீஸ் நிறுத்தியது. என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, உரிமமும் இருக்கிறது என்று அவரே சொன்னார். மறைக்க ஏதும் இல்லை என்று நம்பித்தான் சொன்னார். உடனே கைது செய்யப்பட்டார். நியூ ஜெர்சி மற்ற மாநிலங்களின் உரிமத்தை ஏற்பதில்லை. அங்கே உரிமமின்றிக் கைத்துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது மூன்றரை ஆண்டு சிறை. அதற்கு முன் அவர்மீது குற்றப் பதிவு எதுவும் இல்லை. கடைசியில் 2015 ஏப்ரலில் அன்றைய ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

அமெரிக்கர்கள் பலரும் ஏன் காரில் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள், சட்டம் அதை எப்படிப் பார்க்கிறது, அந்தத் துப்பாக்கியால் உண்மையில் நடப்பது என்ன என்பதைப் புரிந்துகொள்ள இந்தத் தாயின் கதையில் தொடங்குவதே சரி. இதில் கெட்டவர் என்று யாரையும் கைகாட்ட முடியாது. அச்சம் நிஜமானது, உரிமம் நிஜமானது, உண்மையைச் சொன்ன நேர்மையும் நிஜமானது.

முதலில் அச்சத்தைப் பார்ப்போம். 2023-இல் பியூ ஆய்வு மையம் நடத்திய கருத்துக்கணிப்பில், துப்பாக்கி வைத்திருக்கும் அமெரிக்கர்களில் 72 சதவீதம் பேர் தற்காப்பை ஒரு முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். தூரங்கள் நீண்ட நாடு அது. இரவில் ஆளற்ற நெடுஞ்சாலையில் வண்டி பழுதாகி நின்றால் உதவி வர வெகு நேரம் ஆகலாம். சிக்னலில் நிற்கும்போது கண்ணாடியைத் தட்டித் துப்பாக்கி காட்டிக் காரையே பறித்துக்கொண்டு போகும் குற்றமும் அங்கே உண்டு. வீட்டில் இருப்பவருக்குப் பூட்டிய கதவு இருக்கிறது. காரில் இருப்பவருக்கோ ஒரு கண்ணாடிதான்.

டெக்சாஸ் மாநிலம் இந்தக் கேள்வியோடு ஒன்றரை நூற்றாண்டாக மல்லுக்கட்டி வருகிறது. துப்பாக்கிச் சுதந்திரத்தின் தாய்வீடு என்று இன்று நினைக்கப்படும் அந்த மாநிலம்தான் 1871-இலேயே பொது இடத்தில் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்வதைத் தடை செய்தது. பயணிகளுக்கு மட்டும் விலக்கு. குதிரையில் நாள்கணக்கில் போகிறவனைக் கொள்ளையரிடம் வெறுங்கையோடு விட்டுவிடக் கூடாது என்ற நியாயம். ஆனால் பயணி என்பவர் யார்? சட்டம் விளக்கவில்லை. குதிரை போய் கார் வந்த பிறகு குழப்பம் பெருகியது. பக்கத்து ஊர் போனால் பயணமா? இரவு தங்கினால்தான் பயணமா? நீதிமன்றங்கள் வழக்குக்கு வழக்கு வேறு பதில் சொல்லின. 2005-இல் சட்டமன்றம், சொந்தக் காரில் போகிறவரைப் பயணி என்றே கருத வேண்டும் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தது. அப்போதும் சில பகுதிகளில் கைதுகள் தொடர்ந்தன. 2007-இல்தான் முடிச்சை அவிழ்த்தார்கள்: துப்பாக்கி வெளியே தெரியாமல் இருந்தால், ஓட்டுநர் வேறு குற்றத்தில் ஈடுபடாமல் இருந்தால், சொந்தக் காரில் வைத்துக்கொள்ள உரிமமே தேவையில்லை. 2021 செப்டம்பரிலிருந்து காருக்கு வெளியேயும் பெரும்பாலான இடங்களில் உரிமம் தேவையில்லை.

இந்த மாற்றத்துக்குப் பின்னால் ஒரு மதிய உணவு நேரம் இருக்கிறது. 1991 அக்டோபர் 16, கில்லீன் நகரின் லூபீஸ் உணவகம். ஒருவன் வண்டியோடு கண்ணாடிச் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து சுடத் தொடங்கினான். 23 பேர் இறந்தார்கள். பெற்றோரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த சுசானா ஹப்பிடம் கைத்துப்பாக்கி ஒன்று உண்டு. ஆனால் அன்றைய சட்டத்துக்குப் பயந்து அதைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். தாய், தந்தை இருவரையும் அவர் அங்கே இழந்தார். அதன்பின் சட்டமன்றக் குழுக்களின் முன் நின்று, கார் நிறுத்துமிடத்தில் கிடந்த அந்தத் துப்பாக்கியைப் பற்றிப் பேசினார். 1995-இல் ஆளுநர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ், மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் வழங்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அடுத்த ஆண்டு ஹப்பே சட்டமன்றத்துக்குத் தேர்வானார். துப்பாக்கியை எதிர்ப்பவர்களும் அவர் இழப்பின் முன் குரலைத் தாழ்த்தித்தான் பேச வேண்டியிருக்கிறது. தாழ்த்தத்தான் வேண்டும் என்று நானும் நினைக்கிறேன்.

இன்று 29 மாநிலங்களில், சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ளவர் தனி உரிமம் இல்லாமலே அதை மறைத்து எடுத்துச் செல்லலாம். மற்ற மாநிலங்களில் உரிமம் வேண்டும். தனிச்சிறப்பான தேவையை நிரூபித்தால்தான் உரிமம் என்ற நியூயார்க்கின் பழைய விதியை 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது; வீட்டுக்கு வெளியே ஆயுதம் தாங்குவதும் அரசியல் சாசனத்தின் இரண்டாம் திருத்தம் தரும் உரிமைதான் என்றும் சொன்னது. ஆனால் ஒரு மாநிலத்தின் உரிமத்தை மற்ற மாநிலங்கள் ஏற்றே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை. ஓட்டுநர் உரிமம் நாடு முழுவதும் செல்லும், துப்பாக்கி உரிமம் செல்லாது. செல்ல வேண்டும் என்ற மசோதா 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் 231-க்கு 198 என்று நிறைவேறியது, செனட்டில் நின்றுபோனது.

மாநிலம் விட்டு மாநிலம் போகிறவருக்கு 1986-ஆம் ஆண்டின் ஃபெடரல் சட்டம் ஒரு குறுகலான பாதை திறந்திருக்கிறது. புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் துப்பாக்கி சட்டப்படியானதாக இருக்க வேண்டும். தோட்டாக்களைக் கழற்றிவிட வேண்டும். துப்பாக்கியோ தோட்டாவோ கைக்கு எட்டக் கூடாது. டிக்கியில் இருக்க வேண்டும். டிக்கி தனியாக இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். முன்னிருக்கைக்கு எதிரே உள்ள கிளவ் பாக்ஸைப் பூட்டினாலும் அது பூட்டிய பெட்டி ஆகாது என்று அந்தச் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. ஃபுளோரிடா மாநிலச் சட்டமோ, அதே கிளவ் பாக்ஸ் பூட்டாமல் இருந்தாலும்கூடத் துப்பாக்கி பத்திரமாக உறையிடப்பட்டிருப்பதாகவே கொள்ளும். ஒரே பெட்டி, இரண்டு விதமான தீர்ப்பு. ஃபெடரல் சட்டம் சொன்னபடி வைத்தால் அது வெறும் சாமான். ஆபத்து நேரத்தில் எடுக்க முடியாது. எடுக்கும் வாகில் வைத்தால் சில மாநிலங்களின் எல்லையில் அது குற்றம்.

கிளவ் பாக்ஸில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம் ஊரில் ஆர்.சி. புக்கை எங்கே வைக்கிறோமோ, அங்கேதான் அமெரிக்கர்களும் வண்டியின் பதிவுத்தாளையும் காப்பீட்டு அட்டையையும் வைக்கிறார்கள். போலீஸ் நிறுத்தியதும் முதலில் கேட்பது அவற்றைத்தான். கை அந்தப் பெட்டிக்குள் போகும் அதே நொடியில், ஜன்னலருகே நிற்கும் அதிகாரியின் கண்ணும் அங்கே போகிறது. துப்பாக்கியையும் காகிதங்களையும் ஒரே இடத்தில் வைக்காதே என்று பயிற்சியாளர்கள் தலைதலையாய் அடித்துக்கொள்வது இதனால்தான். எஞ்சினை நிறுத்து, உள்விளக்கைப் போடு, இரண்டு கையும் ஸ்டியரிங்கின்மேல் தெரியட்டும், சொல்லாமல் எதையும் எடுக்காதே. இதுதான் அவர்கள் சொல்லித்தரும் பாடம்.

அதிகாரிக்கும் அச்சம் உண்டு. 1977-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு பிலடெல்பியாவிலேயே தொடங்கியது. காலாவதியான நம்பர் பிளேட்டுக்காக ஒரு காரை நிறுத்தினார்கள். ஓட்டுநரை இறங்கச் சொன்னார்கள். அவர் மேற்சட்டை புடைத்திருந்தது. உள்ளே குண்டு நிரப்பிய ரிவால்வர். முறையாக நிறுத்தப்பட்ட காரின் ஓட்டுநரை இறங்கச் சொல்லப் போலீஸுக்கு அதிகாரம் உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. காருக்குள் இருப்பவர் கை என்ன செய்கிறது என்று வெளியே நிற்பவருக்குத் தெரியாது என்பதே அந்தத் தீர்ப்பின் உயிர்நாடி.

துப்பாக்கி இருப்பதைப் போலீஸிடம் சொல்ல வேண்டுமா? மிச்சிகன், அலாஸ்கா போன்ற மாநிலங்களில் கேட்காமலே உடனே சொல்ல வேண்டும். மினசோட்டாவில் கேட்டால் சொன்னால் போதும்.

அந்த மினசோட்டாவில், 2016 ஜூலை 6 மாலை, ஃபால்கன் ஹைட்ஸ் என்ற சிற்றூரில், ஃபிலாண்டோ காஸ்டீல் என்பவரின் காரை ஒரு போலீஸ் அதிகாரி நிறுத்தினார். காஸ்டீலுக்கு வயது 32. பள்ளிக்கூடம் ஒன்றின் உணவகத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடும் வேலை. கறுப்பினத்தவர். துப்பாக்கி உரிமம் பெற்றவர். பின்விளக்கு எரியவில்லை என்றார் அதிகாரி. காப்பீட்டு அட்டையைக் கொடுத்த காஸ்டீல், கேட்கப்படாமலே, தன்னிடம் துப்பாக்கி இருப்பதை மரியாதையோடு சொன்னார். சில நொடிகளில் அதிகாரி ஏழு முறை சுட்டார். பக்கத்து இருக்கையில் அவருடைய காதலி. பின்னிருக்கையில் காதலியின் நான்கு வயது மகள். காஸ்டீல் துப்பாக்கியை எடுக்கப் போவதாக நினைத்தேன் என்றார் அதிகாரி. எடுக்கவில்லை என்று காஸ்டீல் சொன்னது பதிவில் கேட்கிறது. 2017 ஜூனில் நடுவர் குழு அந்த அதிகாரியை விடுவித்தது.

பிலடெல்பியாத் தாயும் காஸ்டீலும் செய்தது ஒன்றே. முறைப்படி உரிமம் பெற்றார்கள், உள்ளதைச் சொன்னார்கள். ஒருவருக்குச் சிறைக்கதவு, மற்றவருக்குச் சாவு. காரில் துப்பாக்கி வைத்திருப்பவர் மனத்தில் எப்போதும் ஒரு கொள்ளையன் இருக்கிறான். ஆனால் பெரும்பாலான ஓட்டுநர்கள் வாழ்நாளில் அந்தக் கொள்ளையனைச் சந்திப்பதே இல்லை, போலீஸைச் சந்திக்கிறார்கள். அடுத்தபடியாக, தங்கள் கோபத்தைச் சந்திக்கிறார்கள்.

சாலையில் எழும் கோபம் நமக்குப் புதிதல்ல. குறுக்கே புகுந்தவனைத் திட்டுகிறோம், சிலர் இறங்கிக் கைகலக்கிறார்கள். அங்கே கிளவ் பாக்ஸ் பக்கத்தில் இருக்கிறது. துப்பாக்கி வன்முறைக்கு எதிரான எவ்ரிடவுன் அமைப்பின் கணக்குப்படி, 2022-இல் சாலைத் தகராறுகளில் சுடப்பட்டு 141 பேர் இறந்தார்கள், 413 பேர் காயமடைந்தார்கள். 2012 நவம்பரில் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில், ஒரு பெட்ரோல் பங்க்கில், பக்கத்துக் காரில் பாட்டுச் சத்தம் அதிகம் என்று சண்டை. நடுவயதுக்காரர் ஒருவர் தன் காரின் கிளவ் பாக்ஸிலிருந்து துப்பாக்கியை எடுத்துப் பத்து முறை சுட்டார். ஜோர்டன் டேவிஸ் என்ற 17 வயதுப் பையன் இறந்தான். அந்தக் காரில் துப்பாக்கியைப் பார்த்தேன், தற்காப்புக்காகச் சுட்டேன் என்பது அவர் வாதம். அந்தப் பையன்களிடம் துப்பாக்கி எதுவும் கிடைக்கவில்லை. அவருக்கு ஆயுள் சிறை. டேவிஸின் தாய் லூசி மெக்பாத் 2018-இல் ஜார்ஜியாவிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். பெற்றோரை இழந்த ஹப்பும் பிள்ளையை இழந்த மெக்பாத்தும் துயரத்திலிருந்தே அரசியலுக்கு வந்தவர்கள். கேட்பது நேர் எதிரானது.

மூன்றாவது ஆள் திருடன். நீதிமன்றம், பள்ளி, சில அலுவலகங்கள் என்று துப்பாக்கிக்கு அனுமதியில்லாத இடங்கள் பல. உள்ளே போகும்போது அதைக் காரிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். கண்ணாடியை உடைக்க ஒரு நொடி போதும். 2017 முதல் 2021 வரை தனியாரிடமிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் திருடுபோனதாக ஃபெடரல் அரசின் அறிக்கை சொல்கிறது. நகரங்களின் புள்ளிவிவரங்களைத் தொகுத்த எவ்ரிடவுன், 2022-இல் திருடப்பட்ட துப்பாக்கிகளில் பாதிக்கு மேல் கார்களிலிருந்து போனவை என்று கண்டது. 2015-இல் சான் பிரான்சிஸ்கோவின் கப்பல் துறையில் தந்தையோடு நடந்துகொண்டிருந்த இளம்பெண்ணைக் கொன்ற குண்டு, ஃபெடரல் அரசு அதிகாரி ஒருவரின் காரிலிருந்து சில நாள் முன்பு திருடப்பட்ட துப்பாக்கியிலிருந்து வந்தது. பயிற்சி பெற்ற அரசு அதிகாரியின் காருக்கே இந்த நிலை. கொலராடோ மாநிலம் 2025 ஜனவரி முதல், ஆளில்லாத காரில் கைத்துப்பாக்கியை விட்டால் கடினமான பெட்டியில் பூட்டிக் கண்ணில் படாமல் வைக்க வேண்டும், காரையும் பூட்ட வேண்டும் என்று விதித்திருக்கிறது. எனக்குத் தெரிந்து இந்த விவகாரத்தில் யாருடைய உரிமையையும் பறிக்காமல் உயிரைக் காக்கக்கூடிய எளிய வழி இதுதான்.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். எச்-1பி, எஃப்-1 போன்ற குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை ஃபெடரல் சட்டம் தடை செய்கிறது. வேட்டை உரிமம் பெற்றவர் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. மீறினால் 15 ஆண்டு வரை சிறை, விசாவும் போகும். டெக்சாஸில் உரிமமே தேவையில்லை என்று அலுவலக நண்பர் சொல்வது அவரைப் பொறுத்தவரை சரி, விசாவில் இருப்பவருக்குப் பொருந்தாது. மாநிலச் சட்டம் எவ்வளவு தளர்ந்தாலும் இந்தத் தடை அப்படியேதான் இருக்கும். கிரீன் கார்டு பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை. அவர்களுக்கும் மற்றவர்களைப் போல மாநில விதிகள் உண்டு.

பிலடெல்பியாவிலிருந்து புறப்படும் ஒருவர் இன்றும் செய்ய வேண்டியது மாறவில்லை. நியூ ஜெர்சியைக் கடந்து, துப்பாக்கி வைத்திருக்க உரிமையுள்ள வேறொரு மாநிலத்துக்குப் போகிறார் என்றால், பாலத்தில் ஏறும் முன்பே வண்டியை ஓரம் கட்டித் தோட்டாவைக் கழற்றி, துப்பாக்கியையும் தோட்டாவையும் டிக்கியில் வைத்துப் பூட்ட வேண்டும். நியூ ஜெர்சி உரிமம் இல்லாமல், அங்கே யாரையாவது பார்த்துவிட்டு இரவே திரும்புவதாக இருந்தால், துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும்.