மறுக்கவும் கற்ற துணை

பார்வையற்றோருக்கான வழிகாட்டி நாய்களைப் பற்றி நம்மில் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. 'வங்கிக்குப் போ' என்றால் அது வங்கிக்கே அழைத்துச் சென்றுவிடும், சாலை விளக்கின் நிறம் பார்த்துக் கடக்கும் என்றெல்லாம் கருதுகிறோம். உண்மையில், செல்லும் வழியை அறிந்தவர் மனிதர். வழியிலுள்ள இடரைக் காண்பது நாய். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது நாய்க்குக் கடினம். வாகன ஓசையைக் கேட்டு, கடக்கலாம் என முடிவெடுத்து ஆணையிடுபவர் பார்வையற்றவரே.

பிறந்து ஏறத்தாழ 8 வாரங்களில் குட்டி ஒரு தன்னார்வலர் குடும்பத்திடம் ஒப்படைக்கப்படுகிறது. ஓராண்டு அளவுக்கு அங்கு வளர்ந்து கடைத்தெரு, பேருந்து, மாடிப்படி, கூட்டம், இரைச்சல் ஆகியவற்றுக்குப் பழகுகிறது. பின்னர் பயிற்சி நிலையத்தில் சில மாதங்கள். நேராக நடத்தல், இடம் வலம் திரும்புதல், நடைபாதை விளிம்பிலும் படிக்கட்டிலும் நின்று உணர்த்துதல், கதவையும் காலி இருக்கையையும் கண்டு காட்டுதல் ஆகியவை அடிப்படைப் பாடங்கள். இவற்றினும் கடினமானது, உடன் வருபவரின் உடலையும் சேர்த்து இடத்தை அளப்பது. தாழத் தொங்கும் மரக்கிளை நாய்க்குத் தடையே அன்று. ஆயினும் அது தன் துணைவரின் உயரத்தைக் கருதி விலகிச் செல்ல வேண்டும்.

என்னை மிகவும் வியக்க வைப்பது 'அறிவார்ந்த கீழ்ப்படியாமை' என்னும் பயிற்சி. 'முன்னே செல்' என்ற ஆணை பிறந்த பின்னும், ஓசையின்றி ஒரு மின்சாரக் கார் நெருங்கினால் நாய் நகரக் கூடாது. எதிரே மூடாத குழி இருந்தாலும் அவ்வாறே. ஆணைக்குப் பணியப் பழகிய உயிருக்கு, எப்போது பணியக் கூடாது என்பதையும் கற்பிக்கிறார்கள். அந்த மறுப்பை நம்பி நிற்க மனிதரும் பழக வேண்டும். ஆகவேதான் இறுதிக் கட்டத்தில் இருவருக்கும் சேர்த்தே பயிற்சி அளிக்கப்படுகிறது.

முதல் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக 1916-இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் இத்தகைய பள்ளி தொடங்கப்பட்டது. வெளியே செல்லப் பிறர் துணையை நம்பியிருந்த அமெரிக்க இளைஞர் மாரிஸ் ஃபிராங்க், 1928-இல் சுவிட்சர்லாந்து சென்று பயிற்சி பெற்றுத் தம் நாயுடன் திரும்பினார். நியூயார்க்கில் வாகன நெரிசல் மிகுந்த சாலையொன்றைச் செய்தியாளர்கள் காணக் கடந்து காட்டினார். மறு ஆண்டே டாரதி யூஸ்டிஸுடன் இணைந்து 'தி சீயிங் ஐ' பள்ளியைத் தொடங்கினார். விரும்பிய நேரத்தில், விரும்பிய இடத்துக்குத் தாமே செல்லும் உரிமையே அவர் தேடியது.

அவ்வுரிமையைக் காப்பதில் நமக்கும் பங்குண்டு. உடலில் வாரும் கைப்பிடியும் பூட்டியிருக்கும்போது நாய் பணியில் இருக்கிறது. அதைத் தடவுவதும், அழைப்பதும், தின்பண்டம் நீட்டுவதும் அன்பின் பொருட்டே ஆயினும், அந்த ஒரு நொடிக் கவனச்சிதறல் ஒருவரைச் சாலையில் வீழ்த்தக்கூடும். உதவ விரும்பினால் முதலில் அந்த மனிதரிடம் பேசுங்கள். உணவகத்தின் வாயிலில் இந்த நாயைத் தடுப்பவர், அதன் துணைவரையும் சேர்த்தே வெளியே நிறுத்துகிறார் என்பதை உணர வேண்டும்.