கொடைரோட்டிலிருந்து பி.பி.ஏ. படிக்கக் கடல் கடந்தால்

சென்னையிலிருந்து வரும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் விடிவதற்குள் கொடைரோட்டில் நிற்கும். மலைக்குப் போகிறவர்கள் இறங்கி வண்டி பிடித்துவிடுவார்கள். கொடைக்கானல் சர்வதேசப் பள்ளிக்கும் இதுதான் வழி. அமெரிக்க மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்காக 1901இல் தொடங்கிய பள்ளி அது, இந்தியாவில் ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) பாடத்திட்டத்தை முதலில் கொண்டுவந்ததும் அதுதான். எந்த நாட்டில் எந்தப் பல்கலைக்கழகம் என்று வழிகாட்ட அங்கே ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அடிவாரத்தில், திராட்சைத் தோட்டத்தையும் நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டையும் நம்பியிருக்கும் குடும்பத்துக்கு மதுரையில் உள்ள ஏதோ ஒரு கன்சல்டன்சிதான் கதி.

கன்சல்டன்சிக்காரர் பெரும்பாலும் மாணவரிடம் பணம் கேட்பதில்லை. சேர்த்துவிட்ட கல்லூரியே அவருக்குக் கமிஷன் தருகிறது. அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் கமிஷன் தராத பல்கலைக்கழகம் அவர் வாயில் வருவது அபூர்வம் என்பதைத் தெரிந்துகொண்டு எதிரே உட்கார வேண்டும்.

ரேங்க் என்ன என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. வணிகப் படிப்புக்கு அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது: படித்து முடித்தபின் அந்த நாட்டில் எத்தனை மாதம் வேலை பார்க்க விடுவார்கள்?

அமெரிக்காவில் நான்கு வருடப் பட்டம் முடித்தவருக்கு ஓ.பி.டி. எனும் வேலை அனுமதி 12 மாதம். 'ஸ்டெம்' எனும் அறிவியல், தொழில்நுட்ப, பொறியியல், கணித வகைப் படிப்பானால் மேலும் 24 மாதம் நீட்டிக்கலாம். பொதுவான பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன் அந்த வகையில் இல்லை. பிசினஸ் அனலிட்டிக்ஸ் பல இடங்களில் உண்டு. ஒரே வளாகத்தில், ஏறக்குறைய ஒரே ஃபீஸ் கட்டிப் படித்த இரண்டு பேருக்குள் இரண்டு வருட வித்தியாசம்! பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் படிப்பின் குறியீட்டு எண் இருக்கும். விளம்பரத் தாளை விட்டுவிட்டு அந்த எண்ணைப் பார்ப்பது நல்லது.

கனடாவில் பொறி வேறு மாதிரி. 2024 நவம்பரில் வந்த விதிப்படி, கல்லூரிகளின் பிசினஸ் டிப்ளமோவில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி பொதுவாகக் கிடைக்காது. பல்கலைக்கழகத்தின் இளநிலைப் பட்டத்துக்கு அந்தத் தடை இல்லை. டிப்ளமோவில் செலவு குறைவு என்று யாராவது சொன்னால் இதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

சிங்கப்பூர் கணக்கு நேர் எதிர். தேசியப் பல்கலைக்கழகம், நான்யாங், எஸ்.எம்.யூ. மூன்றிலும் அரசின் கட்டண மானியத்தை ஏற்கும் வெளிநாட்டு மாணவருக்கு ஃபீஸ் கணிசமாகக் குறையும். பதிலுக்கு, படிப்பு முடிந்ததும் மூன்று வருடம் சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை பார்க்க ஒப்பந்தம் போட வேண்டும். அது தங்களைக் கட்டிப்போடுவதாக நினைத்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. அனுபவம் தேடும் பி.பி.ஏ. பட்டதாரிக்கு அது சுமையல்ல, சாதகம்.

பணத்துக்கு வருவோம். கல்விக்கடன் ரூ.7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கி பொதுவாக அடமானம் கேட்கும். தோட்டத்துப் பத்திரம் வெளியே வரும். பட்டியல் சாதியினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் முதலியோருக்கு மத்திய அரசு தரும் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையும் முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும்தான், இளநிலைக்கு இல்லை.

ஆகவே உள்ளூரையும் பட்டியலில் சேர்த்துப் பார்ப்பதில் குறைவில்லை. உலகின் முதல் பல்கலைக்கழக வணிகப் பள்ளியான வார்ட்டன் ஃபிலடெல்பியாவில் தொடங்கிய 1881இல்தான் மதுரை அமெரிக்கன் கல்லூரியும் தொடங்கியது. அந்த மாதிரிக் கல்லூரியில் பி.காம். முடித்துவிட்டு முதுகலைக்குப் பிரிட்டன் போகலாம். அங்கே படிப்புக்குப் பின் தரும் இரண்டு வருட வேலை அனுமதி, 2027 ஜனவரியிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகக் குறைகிறது. மூன்று வருட இளநிலை படித்தவருக்கும் ஒரே வருட முதுகலை படித்தவருக்கும் அது ஒரே அளவுதான்.