பொங்கின மாவெல்லாம் புளிச்ச மாவு இல்ல!

2023-ஐ ஐ.நா. சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிய பிறகு, சூப்பர் மார்க்கெட்ல எங்க திரும்பினாலும் 'இன்ஸ்டன்ட் தினை இட்லி மிக்ஸ்', 'இன்ஸ்டன்ட் ராகி தோசை மிக்ஸ்'தான். தண்ணி ஊத்தி, கலக்கி, பத்து நிமிஷத்துல இட்லி ரெடி. ரூம் எடுத்துத் தங்கிப் படிக்கிற நமக்கு இதைவிட என்ன வேணும்? ஆனா பாக்கெட்டைத் திருப்பி, பொடி எழுத்துல இருக்கிறதையும் கொஞ்சம் படிங்க மக்களே. பலதுல சமையல் சோடாவும் சிட்ரிக் அமிலமும் இருக்கும். ரெண்டும் தண்ணியில சேர்ந்தா கார்பன் டை ஆக்ஸைடு வரும், ஸ்கூல்லயே படிச்சதுதான். இட்லி நல்லா பொங்கிடும். ஆனா அது புளிச்ச மாவு இல்ல.

அதனால என்ன போச்சு? கம்பை எடுத்துக்குவோம். 100 கிராம் கம்புல சுமார் 6 மில்லிகிராம் இரும்புச்சத்து இருக்கு. பாலிஷ் போட்ட அரிசியில 1 மில்லிகிராம்கூடத் தேறாது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா தானியத்துல இருக்கிற ஃபைடிக் அமிலம் அந்த இரும்பையும் துத்தநாகத்தையும் கெட்டியாப் பிடிச்சு வெச்சிருக்கும். அதுல கொஞ்சத்தைத்தான் நம்ம குடலால உறிஞ்ச முடியும். லேபிள்ல இருக்கிற நம்பர் வேற, உடம்புல சேர்ற நம்பர் வேற.

இந்தப் பிடியைத் தளர்த்துறதுதான் ராத்திரி முழுக்க நடக்கிற வேலை. மாவு புளிக்கப் புளிக்க அதோட பி.எச். அளவு 6-க்குப் பக்கத்துல இருந்து 4.5 வரைக்கும் இறங்கும். அந்தப் புளிப்புல, தானியத்துலயே இருக்கிற ஃபைடேஸ் என்கிற நொதி சுறுசுறுப்பாகி ஃபைடிக் அமிலத்தை உடைக்கும். அதுக்கு நேரம் வேணும். பத்து நிமிஷம் பத்தாது.

புளிக்க வைக்கிறது யாரு? ஈஸ்ட்னுதான் நான் ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். ஆனால் இட்லி மாவைப் பொங்க வைப்பதில் முக்கியப் பங்கு லூகோனாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்ற பாக்டீரியாவுக்குத்தான் என்று 1965-லேயே கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். லாக்டிக் அமிலம், வாயு ரெண்டையும் அதுவே உருவாக்கும். சிறுதானியத்துல குளூட்டன் கிடையாது, அதனால வாயுவைப் பிடிச்சு வைக்க உளுந்தோட நுரைதான் கதி. 'ஹெல்த்தி'ன்னு சொல்லி உளுந்தைக் குறைச்சீங்கன்னா இட்லி கல்லாயிடும்.

சாமை அல்லது வரகு 3 கப், உளுந்து 1 கப், வெந்தயம் ஒரு ஸ்பூன். சிறுதானியத்தைத் தனியா, உளுந்தையும் வெந்தயத்தையும் தனியா 4-5 மணி நேரம் ஊற வைங்க. மிக்ஸின்னா உளுந்துக்கு ஐஸ் தண்ணி தெளிச்சு அரைங்க, சூடேறினா நுரை வராது. உப்பு போட்டு, கையால கலந்து, பாத்திரத்துல பாதி இடம் விட்டு மூடி வைங்க. சென்னை வெயிலுக்கு 8 மணி நேரம் போதும். ஊட்டின்னா 12-ஐத் தாண்டும். கம்புக்கும் ராகிக்கும் என் ஓட்டு தோசைக்குத்தான்.

சிலர் இந்த இட்லியை 'ப்ரோபயாடிக்'னு சொல்வாங்க. ஆவியில வெந்த பிறகு எந்த பாக்டீரியா உயிரோட இருக்கும்? அது வேணும்னா வேக வெச்ச பிறகு புளிக்க விடுற கம்பங்கூழைக் குடிங்க. இன்னொண்ணு, சிறுதானிய இட்லியும் மாவுச்சத்துதான். பத்து இட்லி சாப்பிட்டா பத்து இட்லிதான்.

ஃப்ரிட்ஜ்ல வெச்ச மாவு நாலாம் நாள் ரொம்பப் புளிச்சிட்டா தூக்கிப் போடாதீங்க. வெங்காயம், பச்சமிளகா வதக்கிப் போட்டு பணியாரமா ஊத்திடுங்க.