உங்களுக்குத் தெரியுமா?

பத்துமலைத் தைப்பூசத்தில் காவடிக்கு முன்னால் அதிரும் அதே உறுமி, 2007-இல் லண்டன் நடன இசைக்குள்ளும் புகுந்தது! புகுத்தியவர் ஈழத்தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி அருள்பிரகாசம். தாயின் பெயரையே சூட்டிய 'கலா' ஆல்பத்தில் 'பேர்ட் ஃப்ளூ' கேளுங்கள். சத்தத்தைக் கூட்டிவைத்து!

• உறுமியே ஒரு 'டிரம் அண்ட் பேஸ்'தான். வளைந்த குச்சி ஒரு தோலைத் தேய்க்கும்; அடிவயிற்றில் 'ம்ம்ம்' என்று உறுமும். மறுபக்கத் தோலில் நேர்க்குச்சி படபடக்கும். பத்துமலையின் 272 படிகளுக்குக் கீழே நின்று கேட்டவர்களுக்கு விளக்கம் வேண்டாம்.

• லண்டனில் 'டிரம் அண்ட் பேஸ்' என்றே ஒரு நடன இசை வகை உண்டு. அதன் வேகம், நிமிடத்துக்குச் சுமார் 160 முதல் 180 தட்டு.

• அந்த இசை வகையின் உயிர்நாடி, 1969-இல் அமெரிக்காவில் பதிவான சுமார் 7 விநாடி டிரம் துண்டு. ஆயிரக்கணக்கான பாடல்களில் வெட்டி ஒட்டப்பட்டது. வாசித்த கிரெகரி கோல்மனுக்கு ராயல்டி ஒரு காசும் வரவில்லை.

• தபேலா பிரியர்களுக்கு: தபேலாக் கலைஞர் தல்வின் சிங்கின் 'ஓகே' ஆல்பம். 1999-இல் பிரிட்டனின் மெர்க்குரி பரிசு வென்றது. போன் ஸ்பீக்கரில் மட்டும் போடாதீர்கள், பேஸ் காணாமல் போய்விடும்.