நாற்பதுக்கு மேல் "உடம்பு ஏற்றும்" ஊசி தேவையா?



ராயபுரம் முதல் எண்ணூர் வரை நம் பகுதியில் உடற்பயிற்சிக் கூடங்களுக்குக் குறைவில்லை. துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் ஷிப்ட் முடித்து வரும் நாற்பது, ஐம்பது வயதுக்காரர்களும் ஜிம்முக்குப் போவது நல்ல விஷயம்தான். ஆனால், "அண்ணே, வயசானா ஹார்மோன் குறையும், ஒரு கோர்ஸ் ஊசி போட்டா பழைய பலம் வந்துடும்" என்ற ஆலோசனையும் சில இடங்களில் சேர்ந்தே கிடைக்கிறது. அதை ஏற்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்கிறோம்.

முதலில் ஒரு குழப்பம் தீர வேண்டும். ஆஸ்துமாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் டாக்டர் எழுதித் தரும் பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு வேறு. தசை வளர்க்கும் ஸ்டீராய்டு வேறு. இரண்டாவது வகை, டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனும் அதைப் போலச் செய்யப்பட்ட மருந்துகளும். இதைப் படித்துவிட்டு வீஸிங் மருந்தை யாரும் நிறுத்திவிட வேண்டாம். பல வாரம் சாப்பிட்ட பிரெட்னிசோலோனைத் திடீரென நிறுத்துவது ஆபத்து.

தசை ஊசி உள்ளே போனதும், ஹார்மோன் போதும் என்று மூளை நினைத்து, விரைகளுக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடுகிறது. விரைகள் சுருங்கும், விந்தணு குறையும். ஊசியை விட்ட பிறகு சொந்தச் சுரப்பு திரும்பப் பல மாதம் ஆகலாம். இரத்தம் கெட்டியாகும், நல்ல கொழுப்பு குறையும், இதயத் தசை தடிக்கும். மாத்திரையாக எடுத்தால் கல்லீரலும் பாதிக்கப்படலாம். சர்க்கரையோ பிரஷரோ இருக்கும் வயதில் இத்தனையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

டென்மார்க்கில் ஜிம் சோதனைகளில் ஸ்டீராய்டு எடுத்ததாகப் பிடிபட்ட 1,189 ஆண்களைச் சராசரியாக 11 ஆண்டுகள் கவனித்தார்கள். அதே வயதுள்ள மற்ற ஆண்களைவிட அவர்களிடையே இறப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தது. 2024இல் வெளியான ஆய்வு இது. அவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள் என்பதுதான் கவலை.

அப்படியானால் ஹார்மோன் சிகிச்சையே கூடாதா? அப்படியல்ல. உண்மையிலேயே குறைபாடு உள்ளவர்களுக்கு டாக்டர் அளவோடு தருவது முறையான வைத்தியம். இதய நோய் அபாயமுள்ள, 45 முதல் 80 வயது வரையான 5,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த பெரிய ஆய்வு 2023இல் வெளியானது. முறையாகத் தந்தபோது மாரடைப்போ பக்கவாதமோ கூடவில்லை. ஆனால் அங்கேயும் சீரற்ற இதயத் துடிப்பு, நுரையீரலில் இரத்தக்கட்டி, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை சற்று அதிகமாகவே தெரிந்தன. கண்காணிப்போடு தரும்போதே இப்படி என்றால், அதைவிடப் பல மடங்கு அளவில், புட்டியில் என்ன இருக்கிறதென்றே தெரியாமல் போடும் ஊசியை என்னவென்று சொல்வது? இம்மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்பதும் சட்டப்படி குற்றம்.

களைப்பு, தூக்கமின்மை, தாம்பத்தியத்தில் நாட்டமின்மை இருந்தால் அரசு ஸ்டான்லி மருத்துவமனையிலோ பக்கத்து டாக்டரிடமோ காட்டுங்கள். ஹார்மோன் பரிசோதனையைக் காலை வேளையில், இரண்டு தனித்தனி நாட்களில் எடுக்க வேண்டும். நைட் ஷிப்ட், தொப்பை, சர்க்கரை ஆகியவையும் இந்த ஹார்மோனைக் குறைக்கும். எடை குறைந்து, தூக்கம் சரியானாலே பலருக்கு அது உயரும்.

ஏற்கெனவே ஊசி போட்டவர்கள் வெட்கப்படாமல் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சிறுநீரகம், கல்லீரல், இதயப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உடம்பு நம்மிடம் தரப்பட்ட அமானிதம். குடும்பத்துக்கு நாம் வேண்டியது இன்னும் முப்பது வருடத்துக்கு.